ஜாக்கி வில்சன்: தொலைக்காட்சி தூக்கி வளர்த்த சாம்பியனின் கதை

ஸ்காட்லாந்தின் டார்ட்ஸ் வீரர் ஜாக்கி வில்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத் தவறாமல் எழுதுகிறார்கள். இளம் வயதிலேயே பற்களை இழந்தார், மேடையிலேயே குடித்தார், கடைசியில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்பில் முடங்கிக் கிடந்தார். மூன்றும் உண்மை. ஆனால் இந்த மூன்றை மட்டும் வரிசையாக அடுக்கினால், குடித்து அழிந்த ஒரு மனிதனின் கதைதான் மிஞ்சும். இரண்டு முறை உலக சாம்பியனான ஒருவருக்கு இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன். அவர் வாழ்க்கையின் முக்கிய ஆண்டுகளை, பிரிட்டிஷ் தொலைக்காட்சி டார்ட்ஸை அரவணைத்த ஆண்டுகளோடும் கைவிட்ட ஆண்டுகளோடும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறு ஒரு கதை தெரிகிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எறியும் கோட்டுக்கும் பலகைக்கும் இடையே சுமார் 237 சென்டிமீட்டர் தூரம். ஒவ்வொரு முறையும் மூன்று அம்புகள். 501 புள்ளிகளிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி அம்பு ‘டபுள்’ எனப்படும் வெளிவளையத்திலோ நடுப்புள்ளியிலோ விழுந்தால்தான் வெற்றி. 20ஆம் எண்ணின் ‘டிரிபிள்’ வளையத்தில் குத்தினால் 60 புள்ளிகள். அந்த வளையத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கிடையாது. 20க்கு இருபுறமும் 1, 5 என்ற சின்ன எண்களை வைத்திருக்கிறார்கள். அம்பு விரலளவு விலகினால் 60 கிடைக்க வேண்டிய இடத்தில் 1 கிடைக்கும். பேராசைக்கு உடனடியாகத் தண்டனை தரும் பலகை அது.

மனக்கணக்கு தெரியாதவன் இதில் பிழைக்க முடியாது. 32 மிச்சம் இருக்கும்போது 16இன் டபுளைக் குறிவைப்பதை வீரர்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அம்பு சற்று உள்ளே விழுந்து வெறும் 16 ஆனாலும் மிச்சம் 16. அடுத்த அம்பை 8இன் டபுளில் எறியலாம். அதுவும் தவறினால் 4இன் டபுள். இந்தக் கணக்கெல்லாம் ஒரு அம்புக்கும் அடுத்த அம்புக்கும் இடையே, ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது மனத்தில் ஓடியாக வேண்டும். பள்ளிப் படிப்பு பெரிதாக வாய்க்காத சுரங்கத் தொழிலாளிகளும் லாரி ஓட்டுநர்களும் இதை மூச்சுவிடுவதுபோலச் செய்தார்கள். டார்ட்ஸை மதுக்கூடப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் இந்தத் திறமையை ஒருபோதும் கண்டுகொள்ளவில்லை.

வில்சன் பிறந்தது 1950 மார்ச் 22 அன்று, ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உள்ள கிர்க்கால்டியில். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் பிறந்த ஊரும் அதுதான். வில்சனின் காலத்தில் அது தரைவிரிப்பாகப் பயன்படும் லினோலியத்துக்கும் நிலக்கரிக்கும் பேர்போன தொழிலாளர் நகரம். பெற்றோரால் பிள்ளையை வளர்க்க இயலாது என்று அதிகாரிகள் முடிவு செய்ததால், குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி அநாதை இல்லத்தில் கழிந்தது. பதின்ம வயதில் ராணுவத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் இருந்தார். பிறகு வீடுகளுக்கு நிலக்கரி மூட்டை சுமந்தார், மீன் பதப்படுத்தும் வேலை பார்த்தார், ஊரின் சீஃபீல்டு சுரங்கத்தில் இறங்கினார். எந்த வேலையும் நிலைக்கவில்லை. நிலைத்தது உள்ளூர் மதுக்கூடத்தில் பழகிய டார்ட்ஸ் மட்டும்தான்.

1979இல் வேலையில்லாமல் இருந்தபோது, ஏர் நகரில் பட்லின்ஸ் விடுமுறை முகாம் நடத்திய போட்டியில் கலந்துகொண்டு வென்றார். பரிசு 500 பவுண்டு. வேலையில்லாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. இதையே தொழிலாகக் கொள்ளலாம் என்ற துணிவு அப்போதுதான் வந்தது.

அந்தத் துணிவு வந்த நேரம் முக்கியமானது. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி ஒரு தொழிலே கிடையாது. 1973இல் பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பு தொடங்கப்பட்டது. 1978இல் நாட்டிங்ஹாமில் அதன் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. எம்பசி சிகரெட் நிறுவனம் பணம் கொடுத்தது, பிபிசி ஒளிபரப்பியது. அதே பத்தாண்டில்தான் டங்ஸ்டன் அம்புகளும் புழக்கத்துக்கு வந்தன. பித்தளையைவிட அடர்த்தியான உலோகம் என்பதால், எடை குறையாமல் அம்பை மெலிதாகச் செய்ய முடிந்தது. குறுகலான டிரிபிள் வளையத்துக்குள் மூன்று அம்புகளை நெருக்கிக் குத்த இடம் கிடைத்தது. 180 என்ற உச்ச எண் அடிக்கடி காதில் விழத் தொடங்கியது.

தொலைக்காட்சிக்கு டார்ட்ஸ் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் பலகையையும் மறுபாதியில் வீரரின் முகத்தையும் காட்டும் முறை வந்தது. கால்பந்தில் வீரரின் முகம் எப்போதாவதுதான் தெரியும். இங்கே ஒவ்வொரு எறியிலும் திரையில் பாதி முகம்தான். எறியும் முன் கண் இடுங்குவது, உதடு கடிபடுவது, அம்பு தவறியதும் கன்னம் தொங்கிப்போவது எல்லாம் வீட்டு வரவேற்பறைக்கே வந்துசேர்ந்தன. அப்படி ஓர் ஆட்டத்துக்கு வில்சனைவிடப் பொருத்தமான முகம் வேறு கிடைத்திருக்காது. குட்டையான, பருத்த உடல். மனத்தில் ஓடுவதை ஒளிக்கத் தெரியாத முகம். கையை வெடுக்கென்று இழுத்து, உடம்பும் சேர்ந்து முன்னால் எகிற எறிவார். பயிற்சியாளர் எவரும் கற்றுக்கொடுக்கக்கூடிய பாணி அது இல்லை. எதிரே நின்ற இங்கிலாந்து வீரர் ஜான் லோ அசையாத தூண்போல நின்று எறிகிறவர். இன்னொரு இங்கிலாந்து வீரர் எரிக் பிரிஸ்டோ சுண்டுவிரலை ஒயிலாக நீட்டி எறிகிறவர். இந்த வேறுபாடுகளே தொலைக்காட்சிக்குத் தீனி.

1982 ஜனவரியில் வில்சன் உலக சாம்பியனானார். ஸ்டோக் நகரின் லாங்டன் பகுதியில், பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த ஜாலீஸ் என்ற கேளிக்கை அரங்கில் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் 5-3 என்ற செட் கணக்கில் (பல 501 ஆட்டங்கள் சேர்ந்தது ஒரு செட்) லோவை வீழ்த்தினார். உலகப் பட்டம் வென்ற முதல் ஸ்காட்லாந்துக்காரர் அவர்தான். பரிசுத்தொகை 6,500 பவுண்டு.

புகழ் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு அதே ஆண்டு நடந்த ஒரு சம்பவம் போதும். டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் இசைக்குழு, பிபிசியின் பிரபல இசை நிகழ்ச்சியில் அமெரிக்கப் பாடகர் ஜேக்கி வில்சனின் பெயர் வரும் பாடலைப் பாடியது. பின்னணியில் பிரம்மாண்டமாகத் தெரிந்தது ஜாக்கி வில்சனின் படம்! நிகழ்ச்சிக்காரர்கள் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். வேடிக்கைக்காகத் தாங்களே கேட்டு வைத்த படம் அது என்று குழுவின் பாடகர் பின்னாளில் சொன்னார். நாடு முழுவதும் பெயர் கேட்ட உடனே முகம் நினைவுக்கு வரும் ஒருவரை வைத்துத்தான் அப்படி விளையாட முடியும்.

பற்களின் கதையும் இந்தப் புகழின் பகுதிதான். இனிப்பு மிட்டாய்கள் மீது தீராத ஆசை, பல் துலக்கும் பழக்கம் இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று பாட்டி சொன்னதை இதற்குக் காரணமாகக் கூறுவார். 28 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. பட்டம் வென்ற பிறகு செயற்கைப் பல் வரிசை கட்டிக்கொண்டார். அது ஒத்துக்கொள்ளாமல் கழற்றிப் போட்டார். பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பல் துலக்கச் சொல்லித்தர யார் இருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அந்தச் சிரிப்பை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

இனி பணம். அன்றைய டார்ட்ஸ் வீரரின் வருமானத்தில் போட்டிப் பரிசு சிறு பகுதிதான். 1984இல் உலக சாம்பியனுக்குக் கிடைத்தது 9,000 பவுண்டு. அதே ஆண்டு அக்டோபரில், தொலைக்காட்சி வரலாற்றிலேயே முதன்முறையாக ஒன்பதே அம்புகளில் 501 புள்ளிகளையும் முடித்துக்காட்டிய ஜான் லோவுக்கு அந்த ஒரே ஆட்டத்துக்காக 1,02,000 பவுண்டு பரிசு. அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. மற்றவர்கள் ‘எக்ஸிபிஷன்’ எனப்படும் காட்சி ஆட்டங்களை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஊர் ஊராகப் போய், தொழிலாளர் சங்க அரங்குகளிலும் மதுக்கூடங்களிலும் உள்ளூர்க்காரர்களோடு ஆடி, கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, இரவோடு இரவாக அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஆடாத இரவுக்குக் கூலி இல்லை. ஓய்வூதியமோ காப்பீடோ கிடையாது. அழைப்புகள் வர வேண்டுமானால் முகம் தொலைக்காட்சியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மொத்தப் பிழைப்பும் அந்த ஒரு கயிற்றில்தான் தொங்கியது.

அந்த இரவுகள் அனைத்தும் நடந்தது மதுக்கூடங்களில். சாம்பியனுக்கு ஒரு கோப்பை வாங்கித் தருவதைப் பெருமையாக நினைக்கும் ரசிகர்கள் நூறு பேர் சுற்றி நிற்பார்கள். மேடையிலும் குடிக்கத் தடை இல்லை. நரம்புத் தளர்ச்சியையும் கைநடுக்கத்தையும் மது அடக்கும் என்று பல வீரர்கள் நம்பினார்கள். வில்சன் அளவு மீறிக் குடித்தார். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. 1984 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் டேவ் விட்கோமிடம் 6-5 என்று நூலிழையில் தோற்ற பிறகு, கைகுலுக்கப் போனவர் மேடையிலிருந்து தடுமாறி விழுந்தார். அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே மனிதர் சில நிமிடங்களுக்கு முன்புவரை உலக இறுதியாட்டத்துக்கு ஒரே ஒரு செட் தூரத்தில் நின்றார் என்பது மறந்துபோகிறது.

சாதனையைக் கணக்கெடுத்தால் இந்த மறதி எவ்வளவு தவறு என்று தெரியும். 1979 தொடங்கி 1991 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக சாம்பியன்ஷிப்பில் குறைந்தது கால் இறுதியையாவது எட்டினார். தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள். பிரிட்டிஷ் தொழில்முறை சாம்பியன்ஷிப்பை நான்கு முறை வென்றார். ஒரு சில நல்ல இரவுகளின் பலத்தில் வருவதில்லை இந்தத் தொடர்ச்சி. நிதானமே இல்லாதவர் என்று பெயரெடுத்தவர், பலகையின் முன் மட்டும் அத்தனை காலம் நிதானம் இழக்காமல் நின்றிருக்கிறார்.

1980களின் பிற்பாதியில் தொலைக்காட்சி மனம் மாறியது. பருத்த உடல், சிகரெட் புகை, பீர் கோப்பை என்று டார்ட்ஸைக் கேலி செய்யும் நகைச்சுவைக் காட்சிகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. விளம்பரதாரர்களோ இளைய, வசதியான பார்வையாளர்களைத் தேடினார்கள். 1988இல் ஐடிவி தொலைக்காட்சி நிறுவனம் டார்ட்ஸைக் கைவிட்டது. ஒரு காலத்தில் ஆண்டு முழுவதும் திரையில் தெரிந்த ஆட்டத்துக்கு, பிபிசி ஒளிபரப்பிய உலக சாம்பியன்ஷிப் ஒன்றுதான் மிஞ்சியது. பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பு மேடையில் குடிப்பதைத் தடை செய்து, ஆட்டத்தின் முகத்தைத் துடைத்துக் காட்டப் பார்த்தது. பலன் இல்லை. சீஃபீல்டு சுரங்கமும் அதே 1988இல்தான் மூடப்பட்டது. வில்சனுக்குத் தெரிந்த இரண்டு தொழில்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சரிந்தன.

இந்தச் சரிவின் நடுவில்தான் அவருடைய மிகச் சிறந்த வெற்றி வந்தது. 1989 ஜனவரி, ஃப்ரிம்லி கிரீனின் லேக்சைடு அரங்கம். இறுதியாட்டத்தில் எதிரே ஐந்து முறை உலக சாம்பியன் எரிக் பிரிஸ்டோ. கையிலிருந்து அம்பை விடுவிக்க முடியாமல் விரல்கள் உறைந்துபோகும் ‘டார்ட்டைட்டிஸ்’ என்ற மனச்சிக்கலோடு சில ஆண்டுகளாகப் போராடி, மெல்ல மீண்டுவந்திருந்தார் பிரிஸ்டோ. முதலில் ஆறு செட் எடுப்பவர் சாம்பியன். முதல் ஐந்தையும் வரிசையாக வில்சன் எடுத்தார். 5-0. ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிரிஸ்டோ அப்படி நினைக்கவில்லை. அடுத்த நான்கு செட்களையும் அவர் கைப்பற்றினார். 5-4. பட்டத்தைத் தொட்டுவிட்டு அது நழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கொடுமையான நிலை இந்த ஆட்டத்தில் கிடையாது. ஒளிய இடமில்லை, பந்தைக் கடத்திவிடச் சக வீரர் இல்லை, மாற்று ஆட்டக்காரரும் இல்லை. திரையின் பாதியில் வில்சனின் முகம் மட்டும் தெரிகிறது. எதிராளியின் அலையைத் தடுக்கவும் வழியில்லை. தன் முறை வரும்வரை பின்னால் நின்று காத்திருக்கத்தான் முடியும். பத்தாவது செட்டையும் பிரிஸ்டோ எடுத்திருந்தால் 5-5 என்று சமமாகி, எல்லாம் கடைசி செட்டுக்குப் போயிருக்கும். வில்சன் எடுத்தார். 6-4. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் உலக சாம்பியன். நரம்பு பலவீனத்துக்காகக் குடித்தவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் அந்தப் பத்தாவது செட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பரிசு 20,000 பவுண்டு. அதன் பிறகு அந்தப் பட்டத்தை வருமானமாக மாற்றித் தர வேண்டிய தொலைக்காட்சி இல்லை. அவர் பெயரில் கணினி விளையாட்டுகள்கூட வந்தன. ஆனால் போட்டிகளும் அழைப்புகளும் சுருங்கிக்கொண்டே போன காலம் அது.

1993இல் முன்னணி வீரர்கள் பதினாறு பேர் கூடி, பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பை எதிர்த்து உலக டார்ட்ஸ் கவுன்சில் என்ற பெயரில் தனி அணியாக நின்றார்கள். ஒளிபரப்பையும் புரவலர்களையும் மீட்டுவரப் பழைய அமைப்பு போதிய முயற்சி எடுக்கவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வில்சன் அந்தப் பதினாறு பேரில் ஒருவர். பழைய அமைப்பு தன் போட்டிகளின் கதவை அவர்களுக்கு அடைத்தது; வழக்கு நீதிமன்றம் வரை போய் 1997இல்தான் சமரசம் ஆனது. புதிய அணி ஸ்கை தொலைக்காட்சியின் துணையோடு எஸ்ஸெக்ஸின் பர்ஃப்ளீட்டில் தன் உலக சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. அதில் வில்சன் ஆடினார், முதல் சுற்றுக் குழு ஆட்டங்களைத் தாண்டவில்லை. அந்தப் பிரிவிலிருந்துதான் இன்றைய பி.டி.சி. என்ற செல்வச் செழிப்பான அமைப்பு வளர்ந்தது. அவர் கைகொடுத்து நட்ட மரத்தின் நிழல் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகவும் வலிக்கிற உண்மை.

1995 டிசம்பர் 23 அன்று, 45 வயதில், ஆட்டத்தை விட்டு விலகினார். நீரிழிவு நோய் பிடித்திருந்தது. அர்ஜென்டினாவில் பிறந்த மனைவியோடு கிர்க்கால்டிக்கே திரும்பினார். 1998இல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். நகராட்சிக் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீடு, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகை. பேட்டிக்காக வந்த பத்திரிகையாளர்களை ஏறக்குறைய முழுமையாகத் தவிர்த்தார். 2009இல் நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகச் செய்தி வந்தது. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர். அந்த ஆண்டு இறுதியில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து வீரர்கள் மோதிய ஒரு போட்டிக்கு அவர் பெயரைச் சூட்டி கிளாஸ்கோவில் நடத்தினார்கள். 2012 மார்ச் 24 அன்று, 62ஆவது பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள், காலமானார்.

அவருக்குப் பிறகு வந்த ஸ்காட்லாந்து வீரர்களை அவரோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு எங்கே என்று புரியும். 1997இல் பழைய அமைப்பின் உலகப் பட்டத்தை இடது கைக்காரரான லெஸ் வாலஸ் வென்றார். இரு பிரிவுகளும் பிளந்து கிடந்த காலம் என்பதால் அந்த வெற்றி பெரிய வாழ்க்கையைத் தரவில்லை. கேரி ஆண்டர்சன் கதை வேறு. 2009இல் பி.டி.சி.க்கு மாறி, 2015 உலக இறுதியாட்டத்தில் பதினாறு பட்டங்கள் வென்ற ஃபில் டெய்லரை 7-6 என்று வீழ்த்தினார். மறு ஆண்டு ஏட்ரியன் லூயிஸை 7-5 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். 2015இல் அவருக்குக் கிடைத்த பரிசு 2,50,000 பவுண்டு. 1982இல் வில்சன் பெற்ற 6,500 பவுண்டோடு, விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு ஒப்பிட்டாலும், பத்து மடங்குக்கு மேல். லிவிங்ஸ்டனில் பிறந்த பீட்டர் ரைட் 2020இல் வென்றபோது அது 5,00,000 பவுண்டு ஆகியிருந்தது. 2022இல் அவர் இரண்டாம் முறையும் வென்றார்.

தொகையைவிட முக்கியமானது அந்தத் தொகை வாங்கித் தரும் அவகாசம். ஆண்டர்சனும் துக்கத்தையும் நோயையும் கண்டவர்தான். 2011இல் தம்பியையும் அடுத்த ஆண்டு தந்தையையும் இழந்து, ஆட்டத்தில் தளர்ந்துபோனார். ஆனால் தரவரிசை, ஆண்டு முழுவதும் ஒளிபரப்பாகும் போட்டிகள், தோற்றாலும் கிடைக்கும் சுற்றுப் பரிசுகள் எல்லாம் அவர் மீண்டுவரும்வரை தாங்கிப் பிடித்தன. 2019 தொடக்கத்தில் முதுகுவலி முற்றியபோது, வாரந்தோறும் நடக்கும் பிரீமியர் லீக் தொடரிலிருந்தே விலகி வீட்டில் ஓய்வெடுத்தார். வில்சனின் காலத்தில் நான்கு மாதம் ஆடாமல் இருப்பது நான்கு மாதம் பட்டினி கிடப்பதற்குச் சமம். ஆண்டர்சன் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்து, அதே ஆண்டு ஜூனில் பீட்டர் ரைட்டுடன் ஜோடி சேர்ந்து ஹாம்பர்க்கில் ஸ்காட்லாந்துக்கு முதல் டார்ட்ஸ் உலகக் கோப்பையை வென்று தந்தார்.